தெருக்கோடி சார்ஜிங் நிலையம்

வியாசர்பாடி

அன்புள்ள செல்வம்,

வீட்டில் எல்லோரும் நலம். பதில் போடவில்லை என்ற கோபத்தை அப்புறம் வைத்துக்கொள், இப்போது நீ எனக்கு வேண்டும்.  

எங்கள் தெருக்கோடியில் காலி மனை இருக்கிறதே, அங்கே மின்சார வண்டிகளுக்குச் சார்ஜிங் நிலையம் வரப்போகிறது. 60 கிலோவாட் மெஷின் இரண்டு. வரட்டும், சந்தோஷம்தான். 2025 ஜூன் கடைசியில் நம் வியாசர்பாடி பஸ் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பியபோது நானும் போய்ப் பார்த்தேன். எண்ணூர் சாம்பலும் லாரிப் புகையும் தின்று வளர்ந்த நமக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் இடம் பிடித்தவர்கள் மெயின் ரோடு பக்கமா, வாடகை எவ்வளவு என்பதோடு விட்டுவிட்டார்கள். கேபிளை யாரும் யோசிக்கவில்லை. தெருவுக்கே 250 கேவிஏ டிரான்ஸ்பார்மர்தான். இரண்டு மெஷினும் முழுசாக இழுத்தால் அது தாங்குகிற லோடில் பாதி அங்கேயே போய்விடும். போன மே மாதம், எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிற ராத்திரி நேரத்தில், கடைசி வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 198 வோல்ட். 230 வர வேண்டிய இடம், 216-க்குக் கீழே இறங்கவே கூடாது. அந்த வீட்டுப் பாட்டியின் பிரிட்ஜ் முனகும், ஸ்டார்ட் ஆகாது, டிக்கென்று நின்றுவிடும். கரண்ட் இரண்டு மடங்கானால் கேபிள் சூடு நாலு மடங்கு, உனக்கா சொல்ல வேண்டும்! போதாததற்கு மிக்ஜாம் புயலில் அதே மனையில் இடுப்பளவு தண்ணீர்.

மின்சார ஆட்டோக்காரர்களும் அதே ஏசி ஓடுகிற ராத்திரி நேரத்தில்தான் சவாரி முடித்து வருவார்கள். அவர்கள் இருப்பதெல்லாம் ஒண்டுக்குடித்தனம், வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. அதனால் நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த 60 கிலோவாட் வேக சார்ஜருக்கு 11 கேவி (11,000 வோல்ட்) லைனிலிருந்து தனி டிரான்ஸ்பார்மர் போடட்டும், அதுவும் மேடான இடத்தில், சப்ஸ்டேஷனுக்குப் பக்கமாக. ஆட்டோக்களுக்கு மெதுவாக ஏறும் சார்ஜர் போதும். நடுராத்திரிக்கு மேல் ஓடவிட்டு, லைனில் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஒன்றிலேயே குவிக்காமல் மூன்றிலும் பிரித்துப் போட்டால் விடிவதற்குள் ஏறிவிடும்.

இதைச் சொன்னால், "அண்ணன் நல்லது வந்தாலும் தடுக்கிறாரு" என்கிறார்கள். மனசு கஷ்டமாக இருக்கிறது, செல்வம். டிரான்ஸ்பார்மர் போனால் முதலில் வியர்த்துச் சாவது இந்தத் தெருக் குழந்தைகள்தானே?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கத்தில் கூட்டம், கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். நீ லோடு கணக்கைப் போட்டுக் காட்டினால் கேட்பார்கள். கேபிள் அளவு, நீளம், வீட்டு லோடு எல்லாம் எழுதி வைத்துவிட்டேன். அரக்கோணத்தில் காலை வண்டியைப் பிடித்து வியாசர்பாடி ஜீவாவில் இறங்கு. மணியை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
குமார்