கடல் மீனுக்கும் ஆற்றில் வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடல் மீன் ஆற்றில் எவ்வளவு தூரம் ஏறும் என்ற பேச்சு வந்தால், மலையில் இருக்கிற நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது. நம் நீலகிரியில் முக்குர்த்தியில் பிறக்கும் பைக்காரா ஆறு கீழே இறங்கி மாயாறாகி, பவானிசாகரில் பவானியோடு கலந்து, கூடுதுறையில் காவிரியாகி, பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. தண்ணீர் இறங்குகிற பாதையில்தான் மீனும் ஏற வேண்டும். அந்தப் பாதையைத்தான் துண்டு துண்டாக அடைத்து வைத்திருக்கிறோம்.

ஏறுகிற மீன்கள் லேசுப்பட்டவை அல்ல. 1937-ல் மிசிசிப்பி ஆற்றில் ஆல்டன் என்ற ஊரில் ஒரு காளைச் சுறா பிடிபட்டது, கடலிலிருந்து 1,800 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே. நம் காவிரியின் மொத்த நீளமே 800 கிலோமீட்டர்தான்! கடலில் இருக்கும்வரை உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருந்த மீனின் உடம்பு, ஆற்றுக்குள் வந்ததும் இருக்கிற கொஞ்ச உப்பைக் காப்பாற்றிக்கொண்டு தண்ணீரை ஓயாமல் வெளியேற்ற வேண்டும். எல்லா மீனாலும் அது ஆகாது.

தூண்டில்காரர்கள் கொண்டாடும் கொடுவாவால் ஆகும். முகத்துவாரத்தை ஒட்டி உப்புத் தண்ணீரில் முட்டையிடும், குஞ்சுகள் நல்ல தண்ணீருக்குள் ஏறி வந்து வளரும். உல்லம் (ஹில்சா மீன்) அதற்கு நேர்மாறு, கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் ஏறியதுதான். கங்கையில் அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்தது, 1975-ல் ஃபரக்கா தடுப்பணை வந்த பிறகு அதற்கு மேலே அருகிப்போனது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் அவலாஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907-ல் எச்.சி. வில்சன் அங்கே, குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் தொடங்கினார். அங்கே வளர்க்கும் ரெயின்போ டிரவுட் இனத்திலேயே ஒரு பகுதி வட அமெரிக்காவில் கடலுக்குப் போய்ப் பெருத்து, ஸ்டீல்ஹெட் என்ற பெயரோடு கொலம்பியா ஆற்றில் திரும்பி, இடாஹோ மலைகளுக்குள் சுமார் 1,400 கிலோமீட்டர் ஏறி முட்டையிடுகிறது. வழியில் எட்டுப் பெரிய அணைகள். எட்டிலும் மீன் ஏறிப்போகத் தண்ணீர்ப் படிகளாகக் கட்டிய மீன் ஏணி இருப்பதால்தான் இன்றும் ஏற முடிகிறது.

புதுத்தண்ணீர் வரும் நேரத்தில் பவானி ஆற்றின் கொடிவேரி தடுப்பணைக்குக் கீழே நின்று பாருங்கள். மீன்கள் விழுகிற தண்ணீரில் வந்து முட்டும், பின்வாங்கும், மறுபடி முட்டும். கரையில் வலையோடு ஆட்கள் தயாராக நிற்பார்கள். அவை ஆற்று மீன்கள்தான், அவற்றுக்கே இந்தக் கதி. கடலிலிருந்து வருவது கொள்ளிடத்தில் கீழணை, காவிரியில் முக்கொம்பு, மாயனூர் என்று எத்தனையைத் தாண்டும்?

பாசனத்துக்கு அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கதவணை கட்டும்போதும் பழையதைச் சீரமைக்கும்போதும் மீன்வழியை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். அதுவும் அமெரிக்க மாதிரியை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பிரயோஜனமில்லை, சால்மன் எகிறிக் குதிக்கிற மாதிரி கொடுவா படிப்படியாகக் குதித்து ஏறாது. ஆஸ்திரேலியாவில் ராக்ஹாம்டன் கதவணையில் பழைய மீன்வழி சரிவராமல், 1990-களில் தொட்டிகளுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை நெட்டுக்குத்தாக இடைவெளி விட்டு மாற்றினார்கள், கொடுவாவும் அதில் நீந்தி ஏறுகிறது. நீர்வளத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து அதுபோல ஒன்றை முதலில் கீழணையில் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் ஒவ்வொன்றாக மேலே வரலாம்.

வாசகர், மசினகுடி, நீலகிரி மாவட்டம்