திங்கள் முதல் ஆங்கிலப் பயிற்சி

நண்பர்களே, மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறான விடைக்கு அரை மதிப்பெண் போய்விடும். கணக்கில் புலியாக இருப்பவர்கள்கூட இந்தப் பகுதியில்தான் வழுக்குகிறார்கள். ஆகவே திங்கள் முதல் தினமும் இரவு 8.30க்கு இந்தக் குழுவில் பத்துக் கேள்விகள் பதிவிடுகிறேன். விடையை ஒன்பது மணிக்கு முன் யாரும் போட வேண்டாம். பக்கத்து இலையைப் பார்த்துச் சாப்பிட்டால் பசி ஆறாது.

நேற்றைய கேள்வியில் பாதிப் பேர் தவறியது 'டிஸ்கஸ்' என்ற சொல்லில். 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்று தமிழில் நினைப்பதால் கை தானாகவே 'அபௌட்' சேர்த்துவிடுகிறது. டிஸ்கஸ் வினைச்சொல்லாக வரும்போது அது தேவையே இல்லை. ஆனால் 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் அபௌட் வரலாம். 'ஒன் ஆஃப் மை' என்று தொடங்கினால் அடுத்து வருவது பன்மையில் 'ஃபிரெண்ட்ஸ்', வினை மட்டும் ஒருமை: 'இஸ்'. இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

சொற்களுக்கு, நாளுக்கு ஐந்து போதும். ஐம்பது சொல் பட்டியலை அனுப்பும் அன்பர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், யாரும் படிப்பதில்லை (நானும்தான்). ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள்.

வாசிப்புக்கு ஆங்கில நாளிதழின் தலையங்கம் ஒன்று. முதல் முறை அகராதியைத் தொடாமல் கடைசிவரை படியுங்கள். காலி இடம் நிரப்பும் பத்தியையும் அப்படித்தான் அணுக வேண்டும்: முழுதும் படித்த பிறகே முதல் இடத்தை நிரப்புங்கள்.

ஞாயிறு விடுமுறை. காலை வணக்கப் படங்களுக்கு எல்லா நாளும் விடுமுறை.