பரோன் ரொஹோவும் ஆங்கிலமும்: தொடர் கட்டுரைக்கு ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் ஹெவி மெட்டல் (அதிரும் கிதார்களும் முழங்கும் தாளமும் கொண்ட ராக் இசை) தொடரின் சென்ற வாரப் பகுதி, பிரிட்டிஷ் குழுக்களைப் பற்றி விரிவாகவும் சுவையாகவும் எழுதிவிட்டு, ஸ்பெயினின் பரோன் ரொஹோவை மட்டும் ஆங்கிலத்தில் பாடாததால் உலகை எட்டாமல் போன குழு என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. அக்குழு ஆங்கிலத்தில் பாடியது. அதன் பிறகுதான் தன் தாய்மொழியின் பக்கமே நின்றது. கட்டுரையாளர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பதால் இந்த மறுப்பை எழுதுகிறேன்.

கோஸ் என்ற குழுவிலிருந்து விலகிய ஆர்மாந்தோ, கார்லோஸ் தே காஸ்ட்ரோ என்னும் கிதார் சகோதரர்கள், பேஸ் கிதாரும் குரலுமாக இருந்த 'ஷெர்பா' எனப்படும் ஹோசே லூயிஸ் காம்புசானோவையும், உருகுவேயிலிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் எர்மெஸ் கலாப்ரியாவையும் சேர்த்துக்கொண்டு, 1980இல் மாட்ரிட்டில் இக்குழுவைத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரில் 'சிவப்புப் பிரபு' என்று பெயரெடுத்த ஜெர்மானிய விமானி ரிக்தோஃபெனின் பட்டப்பெயரே குழுவின் பெயர். ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. தலைநகரின் பத்திரிகைகளும் வானொலியும் 'மொவீதா' என்று கொண்டாடிய புதிய பாப் அலையில் மூழ்கியிருந்தபோது, வயேகாஸ் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளின் இளைஞர்கள் ஹெவி மெட்டலைத் தங்கள் இசையாக வரித்துக்கொண்டார்கள். நாகரிகம் தெரியாதவர்களின் கூச்சல் என்று அன்றைய மேல்தட்டு ரசனை அதை ஒதுக்கியது. இன்றும் மொவீதாவைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுபவர்கள் இந்த இளைஞர்களுக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் தருவதில்லை என்பது என் மனக்குறை.

முதல் ஆல்பம் 1981இல் சாப்பா என்ற ஸ்பானிய நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த 'வோலூமென் புருத்தால்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். அது லண்டனில், டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் இயன் கில்லனின் கிங்ஸ்வே ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. ஸ்பானியப் பதிப்போடு ஆங்கிலப் பதிப்பும் பதிவாயிற்று. ஆங்கில வரிகளைச் செப்பனிட உதவியவர் அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன். அதே 1982இல் இங்கிலாந்தின் ரீடிங் நகர ராக் இசை விழா மேடையிலும் குழு வாசித்தது. ஆக, ஆங்கிலக் கதவு அவர்களுக்கு அடைபட்டிருக்கவில்லை. அப்படியிருந்தும் 1983இல் வந்த 'மெட்டல்மோர்ஃபோசிஸ்' ஸ்பானிய மொழியிலேயே ஒலித்தது.

இரண்டு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு இதன் காரணம் விளங்கும் என்று நினைக்கிறேன். கிதார்களும் தாளமும் அவையே. ஆனால் ஆங்கிலத்தில் ஷெர்பாவின் குரல் வரிகளைத் தாண்டிச் செல்லாமல் அளந்து அடியெடுத்து வைக்கிறது, ஸ்பானியத்தில் அதே குரல் சண்டைக்கு நிற்கிறது. பாடல்களில் பலவற்றை ஷெர்பாவும் அவர் மனைவி கரோலினா கோர்த்தேசும் எழுதினார்கள். ராக் ரசிகனுக்கு நரகம்தான் என்று மிரட்டும் பெரியவர்களுக்குத் தரும் பதில், ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு, மறைந்த ராக் கலைஞர்களுக்கு அஞ்சலி என்று அவர்கள் தொட்ட பொருள்கள் பல. 1985இல் வந்த ஆல்பத்தின் பெயரோ, செர்வாந்தேசின் 'தோன் கிஹோத்தே' நாவலின் தொடக்கத்தைக் குறும்பாகத் திரித்தது. இவையெல்லாம் கேட்பவர் காதில் உடனே பற்றிக்கொள்ள வேண்டியவை. லண்டனில் மெருகேற்றி வந்த வரிகளால் அது நடக்கவில்லை.

'உலகை எட்டாத' என்ற சொற்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் பாடிய குழு அது. அதன் பாடல்கள் அட்லாண்டிக்கைக் கடந்து சென்றன. அர்ஜென்டினாவின் வி8 குழுவும் தன் முதல் ஆல்பத்தை 1983இல் ஸ்பானிய மொழியிலேயே வெளியிட்டது. லண்டனையும் லாஸ் ஏஞ்சலஸையும் மட்டுமே உலகமாகக் கொண்டால்தான் கட்டுரையாளரின் கணக்கு சரிவரும்.

குழுவின் சரிவுக்கும் மொழி காரணமன்று. எண்பதுகளின் பிற்பாதியில் ஆல்பங்கள் தொடர்ந்து வந்தாலும் வேகம் குறைந்தது. சகோதரர்கள் ஒருபுறமும் ஷெர்பா மறுபுறமுமாக உள்ளுக்குள் பிளவு முற்றியது. 1989இன் 'ஒப்ஸ்தினாத்தோ'வுக்குப் பிறகு ஷெர்பாவும் எர்மெஸும் விலகினார்கள். காஸ்ட்ரோ சகோதரர்கள் வேறு கலைஞர்களைக் கொண்டு பெயரைக் காப்பாற்றினார்கள். முப்பதாம் ஆண்டை ஒட்டி நால்வரும் மீண்டும் ஒரே மேடையேறினார்கள், ஆனால் அந்த இணக்கம் நீடிக்கவில்லை. இத்தகைய மனஸ்தாபங்கள் ஆங்கிலக் குழுக்களிலும் ஏராளம் என்பது கட்டுரையாளருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொடரின் அடுத்த பகுதி எண்பதுகளின் நேரடி மேடைப் பதிவுகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். மாட்ரிட்டில் ரியல் மாட்ரிட் கழகத்தின் உள்விளையாட்டரங்கில் பதிவாகி 1984இல் இரட்டை இசைத்தட்டாக வந்த 'பரோன் அல் ரொஹோ வீவோ' அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 'லோஸ் ரொக்கேரோஸ் வான் அல் இன்ஃபியெர்னோ' ('ராக்காரர்கள் நரகத்துக்குப் போகிறார்கள்') பாடலில் கூட்டம் பாடகரோடு சேர்ந்து முழங்குவதைக் கேட்டபின், சென்ற வாரத்தின் அந்த ஒரு வரியைக் கட்டுரையாளரே திருத்தி எழுதுவார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.