எரிபொருளுக்கு எந்த உமிழ்வுக் காரணி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாடுகளின் பசுங்குடில் வாயுக் கணக்கைப் பற்றிய விவாதங்கள் எரிபொருளின் அளவோடு நின்றுவிடுகின்றன; அதைப் பெருக்கும் உமிழ்வுக் காரணி, அதாவது ஓர் அலகு ஆற்றலுக்கு எவ்வளவு வாயு வெளிவரும் என்ற எண், எங்கிருந்து வந்தது என்று கேட்போர் குறைவு. ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி, ஒரு டெராஜூல் (ஒரு லட்சம் கோடி ஜூல்) ஆற்றலுக்கு இயற்கை எரிவாயு 56,100 கிலோ கரியமில வாயுவையும், பழுப்பு நிலக்கரி 1,01,000 கிலோவையும் வெளியிடும் எனப் பொது மதிப்பு தந்தாலும், பழுப்பு நிலக்கரிக்கு 90,900 முதல் 1,15,000 வரை இடமளிக்கிறது. எரிவாயுவில் இந்த வேறுபாடு சொற்பமே. எனவே, நிலக்கரியை நம்பியிருக்கும் நாடு, தன் சுரங்கத்து மாதிரிகளின் கார்பன் அளவையும் வெப்ப மதிப்பையும் (ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம்) ஆய்வகத்தில் அளந்து, தனக்குரிய காரணியை வகுத்துக்கொள்வதே முறை. எரிக்கும்போது வெளிவரும் மற்ற பசுங்குடில் வாயுக்களான மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் வேறு கதை. அவை கொதிகலனின் அமைப்பையும் பராமரிப்பையும் பெரிதும் பொறுத்தவை.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகும்போது தரும் வெப்பத்தையும் சேர்த்தது மொத்த வெப்ப மதிப்பு; அதைச் சேர்க்காதது நிகர வெப்ப மதிப்பு. நிகர வெப்ப மதிப்புக்கு உரிய காரணியை, மொத்த வெப்ப மதிப்பில் கணக்கிட்ட ஆற்றலோடு பெருக்கினால், எரிவாயுவின் உமிழ்வு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடிவிடும். பெருக்கல் சரியாகவே இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது. ஒவ்வொரு காரணியின் அருகிலும் அது எந்த வெப்ப மதிப்புக்கு உரியது என்பதைக் கணக்கறிக்கைகள் தவறாமல் அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்