சைப்ரஸ்: 'சரி' என்றவர்கள் இன்னும் வெளியே

ஆசிரியருக்கு வணக்கம்.

அண்டை நாடுகளோடு ஒரே ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் உள்நாட்டுப் பிளவு தானாக ஆறிவிடும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. வடக்கே துருக்கி மொழி பேசுவோர், தெற்கே கிரேக்க மொழி பேசுவோர் என்று பிரிந்து கிடக்கும் சைப்ரஸ் தீவைப் பார்த்த எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அதன் தலைநகர் நிகோசியா போயிருந்தேன். அங்கே லெட்ரா தெருவில் இரு பக்கத்துக்கும் இடையே 2008-இல் திறந்த வழி இருக்கிறது. கடைவீதி நடுவே பாஸ்போர்ட்டைக் காட்டி, பூட்டிக் கிடக்கும் கட்டடங்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நடந்து, மறுபடியும் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். தெற்குப் பக்கம் யூரோ, வடக்குப் பக்கம் துருக்கி லிரா. இத்தனைக்கும் ஒரே தெரு.

2004 ஏப்ரல் 24 அன்று தீவை மீண்டும் இணைக்க அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் முன்வைத்த திட்டத்தின் மீது இரு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. வடக்கே துருக்கிய சைப்ரஸ் மக்களில் 65 சதவீதம் பேர் சேர்ந்து வாழச் சம்மதித்தார்கள். தெற்கே கிரேக்க சைப்ரஸ் மக்களில் 76 சதவீதம் பேர் மறுத்தார்கள். அடுத்த வாரமே, மே 1 அன்று, மறுத்த தெற்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போய்விட்டது. சட்டப்படி முழுத் தீவும் உறுப்பினர்தான். ஆனால் வடக்கில் ஒன்றியத்தின் சட்டங்கள் இன்றுவரை நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன.

தெற்கே உள்ளவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1974-இல் துருக்கிப் படை வந்தபோது வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்களில் ஏராளம். அன்னான் திட்டப்படி அந்தப் படையில் ஒரு பகுதி தங்கும், ஊர் திரும்புவதற்கும் வரம்பு உண்டு என்றால் யாருக்குத்தான் பயம் வராது? என் வருத்தமெல்லாம் ஒன்றியத்தின் மேல்தான். சைப்ரஸைச் சேர்ப்பதற்குத் தீர்வு காண்பதை முன்நிபந்தனையாக வைக்க மாட்டோம் என்று ஒன்றியத் தலைவர்கள் 1999 ஹெல்சிங்கி மாநாட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் விட்டுக்கொடுக்கத் தெற்குக்கு என்ன அவசரம்?

அதைவிடப் பெரிய தவறு பின்னால் நடந்தது. வாக்கெடுப்பு முடிந்த இரண்டே நாளில், வடக்கின் தனிமையைப் போக்குவோம் என்று ஒன்றியத்தின் அமைச்சர்கள் உறுதி கூறினார்கள். அதற்காக, வடக்கு ஒன்றியத்தோடு நேரடியாக வணிகம் செய்ய வழிவிடும்படி வரையப்பட்ட விதிமுறை இன்னும் நிறைவேறவில்லை. மனம் வைத்தால் இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியும். தீவின் பாலாடைக்கட்டியை 2021-இல் பதிவு செய்தபோது ஹலூமி, ஹெல்லிம் என்று கிரேக்கம், துருக்கி இரண்டு மொழிப் பெயர்களையும் சேர்த்தேதான் பதிந்தார்கள். அந்த வணிக விதிமுறையையும் இனியாவது நிறைவேற்றட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருநெல்வேலி