மோரோ கோட்டைக்குப் போன கதை

அன்புள்ள பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "சான் ஹுவான்ல என்னப்பா பார்த்தீங்க?" என்று கேட்டாய். "ஒரு கோட்டை, நல்லா இருந்துச்சும்மா" என்றேன். அதோடு லைன் கட்டாகிவிட்டது. எந்த ஊரைக் கேட்டாலும் 'நல்லா இருந்துச்சு' என்று முடித்துவிடுகிறேன் என்பது உங்கம்மாவின் பழைய குறை. இன்றைக்கு இரவு ஷிஃப்ட் இல்லை, கப்பல் கேபினில் மேல் கட்டிலில் படுத்திருப்பவனின் குறட்டையில் தூக்கமும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போர்ட்டோ ரிக்கோ என்பது கரீபியன் கடலில் இருக்கும் தீவு. அமெரிக்காவைச் சேர்ந்தது, ஆனால் தெருவில் பேச்செல்லாம் ஸ்பானிஷ். அதன் தலைநகரம்தான் சான் ஹுவான். துறைமுகத்துக்குள் கப்பல் நுழையும்போது இடது பக்கம் பாறை மேல் ஒரு கோட்டை நிற்கும். அதுதான் எல் மோரோ. மோரோ என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டு முனை. வலது பக்கம் சின்னத் தீவில் இன்னொரு குட்டிக் கோட்டை இருக்கும். நடுவில் இருக்கும் வழி குறுகல். அந்தக் காலத்தில் நுழைந்த எதிரிக் கப்பலுக்கு இரண்டு பக்கமும் அடி. இத்தனை டிரிப்பில் அதைக் கிச்சன் பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் முட்டை உடைத்துக்கொண்டே.

இந்த முறை காலைச் சாப்பாடு முடிந்ததும் பதினொரு மணிக்கு விட்டார்கள். மூன்றரைக்குத் திரும்ப வேண்டும். பழைய நகரம் கப்பல் நிற்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. தெருவில் நீலச் சாம்பல் நிறத்தில் கல் பதித்திருக்கிறார்கள். இரும்பு உருக்கும் உலையின் கசடிலிருந்து வார்த்த கல்லாம். மழை பெய்து ஈரமாக இருந்தது, வழுக்கியது. மேட்டில் ஏற ஏற மூச்சு வாங்கியது. உங்கம்மா சொன்னபடி நடைப்பயிற்சி செய்திருக்கலாம்.

கோட்டைக்கு முன்னால் பெரிய புல்வெளி. ஒரு மரம் கிடையாது. பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள், சில பட்டம் கோட்டைச் சுவரைத் தாண்டிப் பறந்தது. ஏன் மரமில்லை என்று பிறகுதான் புரிந்தது. தரை வழியாக வருகிற எதிரி ஒளிய ஒரு புதர்கூட இருக்கக் கூடாது என்று வெட்டவெளியாக வைத்திருந்த இடம் அது.

1539-இல் ஸ்பெயின்காரர்கள் கட்ட ஆரம்பித்து ஏறக்குறைய இருநூற்றைம்பது வருஷம் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஆறு அடுக்கு, கடலிலிருந்து சுமார் 140 அடி உயரம். சுவர் சில இடத்தில் பதினெட்டு அடி கனம். பணம் மெக்சிகோவின் வெள்ளியிலிருந்து வந்ததாம். கல் சுமந்தவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த அடிமைகளும் கைதிகளும் உண்டு. பலகையில் பொறியாளர்களின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் இல்லை.

நீ சிவில் படிக்கிறாய், சுவரைப் பற்றி என்னைவிட உனக்குத் தெரியும். நான் சமையல்காரன். இந்தக் கோட்டையில் என் கண்ணுக்குப் பட்டது சாப்பாட்டு விஷயம்தான்.

1595-இல் டிரேக் என்ற பெயர்பெற்ற ஆங்கிலேயக் கடல் கொள்ளைக்காரர் (அவர்கள் ஊரில் அவர் 'சர்') பெரிய கப்பல்படையோடு வந்து வெளியே நங்கூரம் போட்டார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். கரையிலிருந்து வந்த குண்டு கேபினுக்குள் பாய்ந்து அவர் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தட்டிவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கூடச் சாப்பிட்டவர்களில் இரண்டு பேர் செத்தார்கள். துறைமுகத்துக்குள் புகுந்து பார்த்தும் நடக்கவில்லை, போய்விட்டார். நானாக இருந்தால் முதலில் அந்தச் சமையல்காரனைப் பற்றித்தான் கவலைப்பட்டிருப்பேன்.

மூன்றே வருஷத்தில், 1598-இல், இன்னொரு ஆங்கிலேயர், கம்பர்லாண்ட் பிரபு, வந்தார். அவர் கடல் வாசலுக்கு வரவே இல்லை. கிழக்கே இறங்கித் தரை வழியாக வந்து பின்னாலிருந்து வளைத்துக்கொண்டார். கோட்டைக்குள் சாப்பாடு தீர்ந்துபோனது, சரணடைந்துவிட்டார்கள். சரி, ஜெயித்தவராவது இருந்தாரா? ஜெயித்த படையில் வயிற்றுப்போக்கு புகுந்தது. நூற்றுக்கணக்கில் செத்தார்கள். சில வாரங்களில் பிடித்த ஊரை அப்படியே விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். எல் மோரோவை எதிரி பிடித்தது அந்த ஒரு தடவைதான். கைமாறியது பட்டினியால், காலியானது கெட்ட தண்ணீரோ கெட்ட சோறோ செய்த வேலையால் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் கப்பலில் ஒரு பயணிக்கு வயிறு கெட்டாலே கிச்சன் முழுக்கக் கழுவச் சொல்வார்கள். அதில் எனக்கு எரிச்சல் வரும். இனி வராது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் குறையும்.

1625-இல் டச்சுக்காரர்கள் பீரங்கியையும் மீறித் துறைமுகத்துக்குள் நுழைந்து ஊரைப் பிடித்தார்கள். கவர்னர் ஹுவான் தே ஆரோ படையோடு இந்தக் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டார். சரணடையாவிட்டால் ஊரைக் கொளுத்துவோம் என்றார்கள். திரும்பக் கட்ட மலையில் மரமும் கல்லும் இருக்கிறது என்று பதில் அனுப்பினாராம். கொளுத்திவிட்டார்கள். ஆனால் கோட்டை விழவில்லை. நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுந்தது அதற்குப் பிறகுதான்.

முற்றத்திலிருந்து கீழ்த் தளத்துக்கு ஒரு சரிவு இறங்குகிறது, முழங்காலைச் சோதிக்கிற சரிவு. கடைசியில் கடலைப் பார்த்தபடி கரிட்டா, அதாவது காவல்காரன் நிற்கிற கல் கூண்டு. ஒரு ஆள்தான் நிற்கலாம். உள்ளே போய் நின்றேன். மூன்று பக்கமும் சின்னச் சந்து, அதில் கடல் மட்டும். என் கேபின் இதைவிடக் கொஞ்சம் பெரிது, கடல் தெரியாது. சுவரில் ஒரு பெரிய பச்சை ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துக்கூட நகரவில்லை.

திரும்பும் வழியில் அதே டிக்கெட்டில் சான் கிறிஸ்டோபால் கோட்டைக்கும் ஓடினேன். தரை வழி எதிரியைத் தடுக்கக் கட்டியது அது, 1598-இன் பாடம். அங்கே முற்றத்துக்குக் கீழே ஐந்து பெரிய தண்ணீர்த் தொட்டிகள் இருக்கின்றன. முற்றத்தில் விழுகிற மழை வீணாகாமல் உள்ளே இறங்கும். முற்றுகை எத்தனை நாள் நடந்தாலும் தண்ணீருக்கு வெளியே போக வேண்டாம். எனக்கு பீரங்கியைவிட இதுதான் பெரிய ஆயுதமாகத் தெரிந்தது.

வெளியே தள்ளுவண்டியில் ஐஸைச் சீவி, கூம்பாக அடுக்கி, மேலே பழப்பாகு ஊற்றித் தருகிறார்கள். பேர் பிராகுவா. "குவயாபா" என்று கைகாட்டினார், வாங்கினேன். வாயில் வைத்தால் கொய்யா! கப்பலில் என்னோடு இருக்கும் கோவாக்காரர் அப்புறம் விளக்கினார். கொய்யா என்ற பேரே இந்தப் பக்கத்து ஆதிக்குடிகளின் சொல்தானாம், போர்த்துகீசியர் வாய் வழியாகப் பழத்தோடு சேர்ந்து நம் ஊருக்கு வந்ததாம். தூத்துக்குடியில் உன் ஆச்சி கொல்லையில் நிற்கும் மரத்தை இனி நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன்.

மூன்று இருபத்தைந்துக்குக் கப்பலில் ஏறிவிட்டேன். இரவு கப்பல் வெளியே வரும்போது கோட்டை பின்பக்கம் போனது. அதைப் பார்க்க முடியவில்லை, இருநூறு பேருக்கு மீன் வறுக்க வேண்டியிருந்தது.

ஒன்று கேட்டு எழுது. அந்தக் காலத்தில் சிமென்ட் கிடையாது, சுண்ணாம்புதான். அந்தத் தொட்டி ஒழுகாமல் எப்படி நின்றது? உங்கள் சாரிடம் கேள். நம் வீட்டு சம்ப் கட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை, ஒழுகுகிறது. கொத்தனாரைக் கூப்பிட நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். பணம் பத்தாம் தேதி போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா