முன் டயரை மண்ணைப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வட்டாரத்தில் திடலோரச் செம்மண்ணில் ரிமோட் பகி, அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு பந்தய வண்டி, ஓட்டும் பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொடுக்கும் பெற்றோர், டயர் என்று வரும்போது கடையில் எது முரட்டுத்தனமாகத் தெரிகிறதோ அதை வாங்கி மாட்டிவிடுகிறார்கள். வளைவில் வண்டி சுழன்று கவிழ்ந்தால் திட்டு வாங்குவது பிள்ளை. மோட்டார் நான்கு சக்கரத்தையும் சுழற்றும் நான்கு சக்கர ஓட்ட பகியில் பெரும்பாலும் குற்றம் முன் டயரில்தான் இருக்கும்.

முதலில், நீளக் கோடு போட்ட டயரை விட்டுவிடுங்கள். அது, மோட்டார் பின் சக்கரங்களை மட்டும் சுழற்றும் இரண்டு சக்கர ஓட்ட பகியின் முன்பக்கத்துக்கு உரியது. அங்கே முன் சக்கரத்துக்குத் திரும்புவது ஒன்றே வேலை. கோட்டின் ஓரம் பக்கவாட்டில் மண்ணைக் கடித்தால் போதும். நான்கு சக்கர ஓட்டத்தில் அதே சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும், பிரேக்கில் நிறுத்தவும் வேண்டும். குறுக்கு விளிம்பில்லாத டயர் திராட்டல் எனும் வேக விசையை அழுத்தியதும் சும்மா சுற்றும், வண்டி வளைவுக்கு வெளியே ஓடிவிடும்.

அடுத்தது, பலரும் ஏற்கத் தயங்குகிற விஷயம். முன் டயர் மண்ணைப் பிடிக்கும் பிடி பின்பக்கத்தைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். முன் டயர் அதிகம் கடித்தால், திராட்டலை விட்டதும் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் வீசிவிடும். இறுகிய தரையில் வெளிப்பக்க முன் டயர் அழுந்தி வண்டியையே புரட்டிவிடும். பிடி மிகவும் குறைந்தால் மூக்கு திரும்பாது. 1/8 அளவு, அதாவது நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள, வண்டியில் நான்கு சக்கரமும் ஒரே அளவு என்பதால் வழி எளிது: புதிய ஜோடி பின்னால், பாதி தேய்ந்த ஜோடி முன்னால். 1/10 அளவில் முன் ரிம் ஒடுங்கியது, பின் டயர் அதில் உட்காராது. அதற்கு, பின் டயரின் அதே முள் வடிவத்தில் (முள் என்பது டயர் மேல் நீட்டி நிற்கும் ரப்பர் முனை) முன் டயர் வாங்குங்கள். வண்டி புரண்டால் வெளி ஓர வரிசை முட்களை மட்டும் கத்தரியால் வெட்டிப் பாருங்கள். புது டயர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

எங்கள் செம்மண் ஒரே நாளில் மூன்று குணம் காட்டும். காலையில் ஈரப்பதம், மதியம் கெட்டித் தரைமேல் புழுதி, மாலை மழைக்குப் பின் களி. காலைக்கும் மதியத்துக்கும் நெருக்கமான குட்டை முள் போதும்; புழுதியைத் துளைத்துக் கெட்டித் தரையைத் தொடும். களியில் அதே டயர் இரண்டு சுற்றில் மண்ணை அப்பிக்கொண்டு மொட்டையாகிவிடும். அங்கே வேண்டியது உயரமான, இடைவெளி விட்ட முள். சுற்றும்போதே சேற்றை உதறிவிடும். ஆனால் உயர முள்ளைக் கெட்டித் தரையில் ஓட்டினால் முள் நெளிந்து, வண்டி தாமதித்தே திரும்பும்.

ரப்பரின் மென்மையை நிறுவனங்கள் எழுத்தாலும் நிறத்தாலும் குறிக்கின்றன. புரோ-லைனில் எம்3 மென்மை, எம்4 மிக மென்மை. ஜேகான்செப்ட்ஸில் நீலம் மென்மை, பச்சை அதைவிட மென்மை. நம் வெயிலில் சூடேறிய கல்மண்ணில் மிக மென்மையான முள் வேரோடு பிய்ந்து போகும். மதியத்துக்கு ஒரு படி கெட்டியானதையே எடுங்கள்.

உள்ளே வைக்கும் ஃபோமைப் பலரும் கவனிப்பதே இல்லை. தொளதொளத்த ஃபோம் இருந்தால் வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கி ரிம்முக்கு அடியில் போகும். அளவுக்குப் பெரிய ஃபோம் டயரின் நடுவைப் புடைக்க வைக்கும். நடு வரிசை மட்டும் தேய்ந்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள். முன்பக்கத்துக்குச் சற்றுக் கெட்டியான, நீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் நல்லது. சாதாரண ஃபோம் மழைநீரைக் குடித்துக் கனத்துவிடும். அந்த ஃபோம்தான் உள்ளே இருக்கிறது என்றால் டயரின் எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு துளை இரண்டு போட்டு, ரிம்மின் துளையை டேப்பால் மூடுங்கள். சுழற்சியில் நீர் வெளியேறிவிடும்.

ஒட்டும் வேலையில் அவசரம் கூடாது. டயர் விளிம்பை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், அச்சில் பூசிய வழுக்குப் பொருள் அதில் இருக்கும். ரிம்மின் பள்ளத்தை மெல்லிய மணல்தாளால் ஒருமுறை தேயுங்கள். ஃபோமில் சுருக்கமில்லாமல், விளிம்பு பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததும் நான்கு இடங்களில் மெல்லிய சூப்பர் குளூ சொட்டு விட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புங்கள். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபக்கம். கடைசியில் விரலால் விளிம்பை இழுத்துப் பாருங்கள். திறக்கும் இடத்தில் இன்னொரு சொட்டு. இந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. நம் நாட்டில் திறந்த புட்டி சீக்கிரம் கெடும், மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு டயரை ஒன்றாகக் கட்டி விற்காமல், 1/10 முன் ஜோடியைத் தனியாக, இரண்டு சக்கர ஓட்டத்துக்கா நான்கு சக்கர ஓட்டத்துக்கா என்று எழுதி மாட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
ரிமோட் பகி ஓட்டும் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.